பத்து மில்லிவினாடியில் ஒரு பற்றவைப்பு

வீட்டில் கம்பியில்லாத் துளைக்கருவி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய புதிதில் அரை நாள் வேலைக்கும் ஈடுகொடுத்தது. இப்போது நான்கு திருகாணிகளை முடுக்குவதற்குள் ஓய்ந்துவிடுகிறது. கருவியின் இயந்திரம் நன்றாகவே இருக்கிறது. கைப்பிடியின் அடியில் செருகப்படும் கறுப்புப் பெட்டிதான் தளர்ந்துவிட்டது. அதைத்தான் நாம் பேச்சுவழக்கில் ‘பேட்டரி’ என்கிறோம்.

பழுதுபார்ப்பவர் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினால், உள்ளே உருண்டையான மின்கலங்கள் சில அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். 18 வோல்ட் கருவியில் பெரும்பாலும் ஐந்து கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 3.6 வோல்ட். இவற்றுள் மிகவும் பரவலான ஒரு வகைக்கு ‘18650’ என்று பெயர். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே அந்த எண்ணின் பொருள். ஒரு கலத்தின் தலையையும் அடுத்த கலத்தின் அடியையும் வெள்ளிபோல் மின்னும் மெல்லிய பட்டை ஒன்று இணைக்கிறது. அது நிக்கல் பட்டை. பட்டை கலத்தைத் தொடும் இடத்தில் கடுகளவில் இரண்டு அல்லது நான்கு புள்ளிகள் பதிந்திருக்கும். அங்கே ஈயமும் இல்லை, பசையும் இல்லை, திருகாணியும் இல்லை. இருப்பினும், பட்டையைக் கையால் இழுத்துப் பிரிக்க முடியாது.

அந்தப் புள்ளிகளை இடும் முறைக்குப் புள்ளிப் பற்றவைப்பு என்று பெயர். தொழிற்சாலைகளில் மட்டும் இருந்த இந்தக் கருவியை இன்று ஆர்வலர்கள் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். அது எவ்வாறு இயங்குகிறது, எங்கே ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஈயம் ஏன் உதவாது?

மின்சுற்றுப் பலகையில் உறுப்புகளை இணைக்க நாம் ஈயப் பற்றவைப்பைக் கையாளுகிறோம். அதே சூட்டுக்கோலைக் கொண்டு மின்கலத்தின் மேலும் கம்பியை ஒட்டிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. ஈயமில்லாப் பற்றுலோகம் ஏறத்தாழ 217 பாகை செல்சியஸில் உருகும். சூட்டுக்கோலின் முனையோ 350 பாகை அளவில் இருக்கும். ஆனால், மின்கலத்தின் எஃகு உறை பெரியது. முனையில் கொடுக்கும் வெப்பத்தை உடனே இழுத்துப் பரப்பிவிடும். ஆகவே, பற்றுலோகம் நன்றாக ஒட்டும்வரை கோலைப் பல வினாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த வினாடிகளில் வெப்பம் வெளியே நிற்பதில்லை, உள்ளே இறங்குகிறது.

லித்தியம் அயனி மின்கலத்தின் உள்ளே நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் பாய்போல் சேர்த்துச் சுருட்டப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவே தலைமுடியைவிட மெல்லிய நெகிழிப் படலம் ஒன்று பிரித்து வைத்திருக்கிறது. அது பாலிஎத்திலீனால் ஆனதெனில் ஏறத்தாழ 130 பாகையில் உருகத் தொடங்கும். படலம் சுருங்கினால் தகடுகள் தொட்டுக்கொள்ளும். தொட்டால் கலத்துக்குள்ளேயே குறுக்கு மின்சுற்று ஏற்படும். அதன் விளைவு அன்றே தெரிய வேண்டும் என்பதில்லை. சில மாதங்கள் கழித்து, இரவில் மின்னேற்றம் செய்துகொண்டிருக்கும்போது தெரியவரலாம்.

நானும் பள்ளிப் பருவத்தில் கைவிளக்கு ஒன்றுக்காக மின்கலத்தின்மேல் ஈயம் வைத்தவன்தான். அது பழைய நிக்கல் காட்மியம் வகை என்பதால் பொறுத்துக்கொண்டது. லித்தியம் அவ்வளவு பொறுமையான பொருள் இல்லை.

எனவே, இங்கே தேவைப்படுவது விந்தையான ஒரு வெப்பம். உலோகத்தை உருக்கும் அளவுக்கு அது கடுமையாக இருக்க வேண்டும். நிக்கல் உருக 1455 பாகை வேண்டும். ஆனால், அரை மில்லிமீட்டர் கீழே இருக்கும் உறுப்புகளுக்கு அந்த வெப்பம் வந்து போனதே தெரியக்கூடாது.

ஜூல் சொன்ன கணக்கு

அகல் விளக்கின் சுடருக்குக் குறுக்கே விரலை வேகமாக வீசிப் பாருங்கள்; சுடுவதில்லை. அதே விரலைச் சுடரில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சுடர் ஒன்றுதான், நேரம்தான் வேறு. புள்ளிப் பற்றவைப்பின் இரகசியமும் நேரத்தில்தான் இருக்கிறது.

மின்னோட்டம் ஒரு கடத்தியின் வழியே பாயும்போது எவ்வளவு வெப்பம் பிறக்கும் என்பதை 1841 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் வெளியிட்டார். மதுபான ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்த அவருக்கு அப்போது வயது இருபத்திரண்டுதான். அவர் கண்ட விதி இதுதான்: மின்னோட்டத்தை அதே மின்னோட்டத்தால் பெருக்கி, மின்தடையாலும் நேரத்தாலும் பெருக்கினால் கிடைப்பது வெப்பம். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது இதிலிருந்து பெறப்படும்.

இப்போது எண்களை இட்டுப் பார்ப்போம். பட்டையும் கலமும் தொடும் இடத்தின் மின்தடை ஒரு மில்லிஓம், அதாவது ஓர் ஓமின் ஆயிரத்தில் ஒரு பங்கு எனக் கொள்வோம். அதன் வழியே 1000 ஆம்பியர் மின்னோட்டத்தைப் பத்து மில்லிவினாடி மட்டும் செலுத்துகிறோம். 1000 × 1000 × 0.001 × 0.01. விடை 10 ஜூல்.

பத்து ஜூல் என்பது மிகவும் அற்பமான வெப்பம். அரைத் தேக்கரண்டித் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க மட்டுமே அது போதும். ஆனால், அதே பத்து ஜூல் கடுகளவு இடத்தில், கண் இமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் குவியும்போது அந்த இடம் உருகுகிறது. உருகியதும் மின்னோட்டம் நின்றுவிடுகிறது. சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் வெப்பத்தை உடனே உறிஞ்சிக்கொள்ள, உருகிய பகுதி இறுகி இரண்டு உலோகங்களும் ஒன்றாகிவிடுகின்றன. பற்றவைத்த மறுகணமே விரலால் தொட்டால் இளஞ்சூடுகூடத் தெரியாது.

அதே பத்து ஜூலை ஒரு முழு வினாடிக்கு நீட்டிக் கொடுத்தால் என்ன நடக்கும்? வெப்பம் பிறக்கப் பிறக்க உறைக்குள் கசிந்துவிடும். புள்ளி உருகவே உருகாது. மின்னோட்டம் போதாத கருவியை வைத்துக்கொண்டு, ஒட்டவில்லையே என்று நேரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் செய்யும் தவறு இதுதான். ஒட்டாமலே கலத்தைச் சூடாக்கிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மின்னோட்டம் செல்லும் பாதை முழுவதும் வெப்பம் பிறக்கத்தான் செய்யும். ஆனால், மின்தடை மிகுதியாக உள்ள இடத்தில்தான் மிகுதியாகப் பிறக்கும். செம்பு மின்முனைகள் நன்கு கடத்துபவை. இரண்டு உலோகப் பரப்புகள் வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கும் இடத்திலோ மின்தடை கூடுதல். ஆகவே, எங்கே ஒட்ட வேண்டுமோ அங்கேயே வெப்பம் தானாகப் பிறக்கிறது. மின்முனையை அழுத்தும் விசையும் இதில் பங்குகொள்கிறது. அழுத்தம் குறைந்தால் தொடும் இடத்தின் மின்தடை ஏறி, தீப்பொறி பறந்து, பட்டையில் ஓட்டை விழும். அழுத்தம் மிகுந்தால் மின்தடை இறங்கி, வெப்பம் போதாமல், பார்வைக்கு மட்டும் புள்ளி தெரியும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு அழுத்த வேண்டும் என்பதற்காகவே பல கருவிகளில் மின்முனைகளுக்குச் சுருள்வில் பொருத்தியிருப்பார்கள்.

ஓர் ஆசிரியரின் கண்டுபிடிப்பு

இந்த முறையை உலகுக்குத் தந்தவர் எலிஹு தாம்சன். 1853 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்துடன் அமெரிக்காவில் குடியேறியவர். தாம் படித்த பிலடெல்பியா உயர்நிலைப்பள்ளியிலேயே வேதியியல் ஆசிரியராகப் பணியாற்றினார். அந்நகரின் பிராங்க்ளின் கழகத்தில் மின்சாரத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்ற ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, 1870களின் பிற்பகுதியில், அவர் ஒரு விந்தையைக் கண்டார். லேடன் சாடிகளில் சேமித்த மின்சாரத்தைத் தூண்டல் சுருள் ஒன்றின் மெல்லிய கம்பிச்சுற்று வழியே பாய்ச்சினார். அச்சுருளின் மற்றொரு சுற்று தடித்த கம்பியால் ஆனது. அதன் இரு முனைகளும் இலேசாகத் தொட்டுக்கொண்டிருந்தன. மின்சாரம் பாய்ந்த பிறகு பார்த்தால், அந்த முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன.

வேறொருவராக இருந்தால் முனைகளைப் பிய்த்துவிட்டுச் சோதனையைத் தொடர்ந்திருப்பார். தாம்சன் அதை மனத்தில் வைத்துக்கொண்டார். பல சுற்றுகள் கொண்ட சுருளில் உயர் மின்னழுத்தத்தைக் கொடுத்தால், சில சுற்றுகள் மட்டுமே கொண்ட தடித்த சுருளில் மின்னழுத்தம் இறங்கி மின்னோட்டம் பன்மடங்கு ஏறுகிறது. அந்த மின்னோட்டமே உலோகத்தை உருக்குகிறது. 1886 ஆம் ஆண்டில் மின் பற்றவைப்புக் கருவிக்கு அவர் காப்புரிமை பெற்றார்.

இன்று ஒரு காரின் உடற்கூட்டில் ஆயிரக்கணக்கான பற்றவைப்புப் புள்ளிகள் இருக்கின்றன. 1985 ஆம் ஆண்டில் ஷா ஆலாமிலிருந்து வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா முதற்கொண்டு, நம் சாலைகளில் ஓடும் எஃகு உடல் கார்கள் யாவும் தாம்சன் கண்ட முறையால்தான் இறுகப் பிணைந்திருக்கின்றன.

வீட்டில் செய்யும்போது

ஆயிரம் ஆம்பியரை வீட்டில் எங்கிருந்து பெறுவது? ஆர்வலர்கள் மூன்று வழிகளைக் கையாளுகிறார்கள்.

முதலாவது, பழைய நுண்ணலை அடுப்பிலிருந்து கழற்றிய மின்மாற்றி. தாம்சனின் வழி இதுதான். அந்த மின்மாற்றியில் இரண்டு கம்பிச்சுருள்கள் உள்ளன. முதன்மைச் சுருள் வீட்டின் 240 வோல்ட் மின்சாரத்தை வாங்கிக்கொள்கிறது. துணைச் சுருள் அதை ஏறத்தாழ 2000 வோல்ட்டாக உயர்த்துகிறது. அந்தத் துணைச் சுருளை அறுத்தெடுத்துவிட்டு, அதே இடத்தில் தடித்த கம்பியை இரண்டே சுற்றுகள் சுற்றினால் 2 வோல்ட் அளவுக்குக் கிடைக்கும். மின்னழுத்தம் 120 மடங்கு இறங்கும்போது மின்னோட்டம் 120 மடங்கு ஏற வழி பிறக்கிறது. சுவர்ச் செருகியிலிருந்து எட்டு ஆம்பியர் சொச்சம் எடுத்தால், மறுபக்கம் ஆயிரம் ஆம்பியர்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. காசும் அதிகம் ஆகாது. ஆயினும், மாணவர்கள் இதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2 வோல்ட் பக்கம் நம்மை ஒன்றும் செய்யாது. நம் உடலின் மின்தடை சில ஆயிரம் ஓம் இருக்கும். 2 வோல்ட்டால் அதன் வழியே ஒரு மில்லிஆம்பியரைக்கூடச் செலுத்த இயலாது. எனவே, ‘ஆயிரம் ஆம்பியர்’ என்ற சொல்லைக் கேட்டு அஞ்சுகிறவர்கள் தவறான பக்கத்தைப் பார்த்து அஞ்சுகிறார்கள். உயிரைப் பறிப்பது மறுபக்கம். 240 வோல்ட் நூறு மில்லிஆம்பியர் வரை உடலில் செலுத்தக்கூடியது. இதயத்தின் துடிப்பைக் குலைக்க அது போதும். அடுப்பைத் திறக்கும்போதே இன்னோர் ஆபத்து காத்திருக்கிறது. உள்ளே இருக்கும் உயர் மின்னழுத்த மின்தேக்கி, செருகியைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டத்தைத் தக்கவைத்திருக்கக்கூடும். அதை வடித்துவிட ஒரு மின்தடையம் பொருத்தியிருப்பார்கள் என்றாலும், பழுதான அடுப்பில் அதுவும் பழுதாகியிருக்கலாம் அல்லவா?

துணைச் சுருளை அகற்றாமல் அப்படியே பயன்படுத்தினால் அது உறுதியான மரணப் பொறி. மரப்பலகையில் மின்சாரத்தைப் பாய்ச்சி மரக்கிளை போன்ற கோலங்களைத் தீய்க்கும் பொழுதுபோக்கு ஒன்று வெளிநாடுகளில் பரவியது. அதற்கு இதே மின்மாற்றியின் 2000 வோல்ட்டைத்தான் பயன்படுத்தினார்கள். பலர் உயிரிழந்தனர். அமெரிக்க மரக்கடைசல் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் அதற்குத் தடையே விதித்துவிட்டது. வீட்டில் மின்கசிவுத் தடுப்பி இருக்கிறதே என்று இருந்துவிடவும் முடியாது. அது முதன்மைச் சுருளின் பக்கத்தில் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்பதை மட்டுமே பார்க்கும். துணைச் சுருளின் இரு முனைகளுக்கு இடையே ஒருவர் சிக்கிக்கொண்டால் அதற்குத் தெரியாது.

இரண்டாவது வழி, காரில் உள்ள 12 வோல்ட் ஈய அமில மின்கலத் தொகுதி. காரை முடுக்கும் கணத்தில் பல நூறு ஆம்பியர் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது அது. இங்கே சிக்கல் மின்சாரத்தைப் பெறுவதில் இல்லை, நிறுத்துவதில் இருக்கிறது. விரலால் பொத்தானை அழுத்தி விடுவதற்கே நூறு மில்லிவினாடி ஆகிவிடும். நமக்குத் தேவையானதைப் போல அது பத்து மடங்கு. சாதாரண மின்காந்த இணைப்பியைப் பயன்படுத்தியவர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டிருக்கிறார்கள்: பட்டை ஒட்டுவதற்கு முன் இணைப்பியின் தொடுமுனைகள் தாமே ஒட்டிக்கொண்டுவிட்டன! ஆகவே, ‘மாஸ்ஃபெட்’ எனப்படும் குறைகடத்திச் சாவிகள் பலவற்றைப் பக்கம் பக்கமாக இணைத்து, சிறிய நுண்கட்டுப்படுத்தி ஒன்றால் மில்லிவினாடிக் கணக்கில் திறந்து மூடுகிறார்கள். அந்தச் சாவிகளும் சில வேளை பழுதாகும். பழுதாகும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே நின்றுவிடும். மின்னோட்டம் நிற்காது, மின்முனைகள் கனன்று சிவக்கும். உடனே பிடுங்கக்கூடிய இணைப்பும் உருகியும் இல்லாமல் இத்தகைய கருவியை இயக்கக்கூடாது. போதாக்குறைக்கு, மின்னேற்றம் செய்யும்போது ஈய அமில வகை ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். தீப்பொறி பறக்கும் வேலைக்கு அது நல்ல துணை ஆகாது.

மூன்றாவது, அதிதிறன் மின்தேக்கி. ஒவ்வொன்றும் 2.7 வோல்ட் தாங்கும். இரண்டைத் தொடராக இணைத்தால் 5.4 வோல்ட். மேல்மாடித் தண்ணீர்த் தொட்டியைச் சிறிய குழாயால் மெல்ல நிரப்பிவிட்டு மதகை ஒரே கணம் திறப்பதைப் போல, சிறிய மின்னேற்றியால் சில நிமிடங்கள் நிரப்பி, ஒரு கணத்தில் ஆயிரம் ஆம்பியரை வெளியே விடலாம். வீட்டு மின்சாரத்தின் 240 வோல்ட் நம் கைக்கு அருகே வருவதே இல்லை. மின்முனைகளைத் தவறுதலாக ஒன்றோடொன்று தொடவிட்டால் கம்பி தகிக்கும், பொறி பறக்கும் என்பது உண்மை. அதற்காகவே கண்ணாடி அணிய வேண்டும். ஆனாலும், மூன்றில் இதுவே எனக்கு ஏற்புடையது. இவ்வகையில் ஆயத்தமாகச் செய்யப்பட்ட சிறிய கருவிகளும் இப்போது விற்பனைக்கு வந்துவிட்டன.

எந்த வழியாயினும், கம்பியில் கஞ்சத்தனம் கூடாது. 16 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பி ஒரு மீட்டர் இருந்தாலே அதன் மின்தடை ஒரு மில்லிஓம் ஆகிவிடுகிறது. ஆயிரம் ஆம்பியர் பாய்ந்தால் அதில் மட்டும் ஒரு வோல்ட் கரைந்துவிடும். இருப்பதே இரண்டு வோல்ட் என்றால், பாதி கம்பியைச் சூடாக்கவே போகிறது. அதனால்தான் இத்தகைய கருவிகளின் கம்பிகள் கட்டைவிரல் பருமனும் ஒரு முழ நீளமுமாக, பார்க்கச் சற்று அவலட்சணமாக இருக்கும்.

பட்டையும் அதன் பிளவும்

பற்றவைக்கும் பட்டை ஏன் செம்பாக இல்லாமல் நிக்கலாக இருக்கிறது? செம்பு நிக்கலைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு நன்றாகக் கடத்தும். தொகுதி வேலை செய்யும்போது அது நன்மைதான். பற்றவைக்கும்போதோ அதுவே தடை. மின்தடை இல்லாத இடத்தில் வெப்பம் பிறக்காது, பிறந்த வெப்பமும் நொடியில் பரவிவிடும். நிக்கல் நடுவழி. 0.1 அல்லது 0.15 மில்லிமீட்டர் தடிமனுள்ள பட்டையைத்தான் வீட்டில் செய்த கருவிகள் எளிதில் பற்றவைக்கின்றன.

கடையில் நிக்கல் என்று சொல்லி, மேலே நிக்கல் முலாம் பூசிய எஃகுப் பட்டையையும் விற்கிறார்கள். எஃகின் மின்தடை கூடுதல் என்பதால் அது மிக எளிதாக ஒட்டும். வாங்கியவருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். பிறகு, தொகுதி வேலை செய்யும்போது பட்டை சூடேறும், நம் ஊர் ஈரக் காற்றில் துருவும் பிடிக்கும். காந்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைப்பவர் ஏமாறுவார், ஏனெனில் நிக்கலும் காந்தத்தால் ஈர்க்கப்படும். ஒரு துண்டை வெட்டி, அரத்தால் கீறி, உப்பு நீரில் ஓரிரு நாள் போட்டு வைத்தால் போதும். எஃகாக இருந்தால் கீறலில் செம்பழுப்புத் துரு தோன்றிவிடும்.

தொழிற்சாலைப் பட்டைகளை உற்று நோக்கினால், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மெல்லிய பிளவு ஒன்று வெட்டப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். அது அழகுக்காக வெட்டியது அன்று. இரண்டு மின்முனைகளும் பட்டையின் மேற்புறத்தில் சில மில்லிமீட்டர் இடைவெளியில் அழுத்தப்படுகின்றன. மின்னோட்டம் ஒன்றின் வழியே இறங்கி, கலத்தின் உறைக்குள் புகுந்து, மற்றொன்றின் வழியே ஏற வேண்டும். ஆனால், மின்னோட்டத்தில் ஒரு பங்கு கலத்தைத் தொடாமல் பட்டையின் வழியாகவே குறுக்கே ஓடிவிடும். பிளவு அந்தக் குறுக்கு வழியை அடைக்கிறது. மின்னோட்டம் சுற்றிக்கொண்டு கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

கலம் என்னும் களஞ்சியம்

இதுவரை கருவியைப் பார்த்தோம். கருவியின் கீழே இருக்கும் கலத்தையும் ஒருமுறை கணக்கிட வேண்டும். 2.5 ஆம்பியர் மணித் திறனும் 3.6 வோல்ட்டும் உள்ள ஒரு கலம் 9 வாட் மணி ஆற்றலைக் கொண்டிருக்கிறது. ஜூலில் சொன்னால் 32,400. நாம் பத்து ஜூலைக் கொண்டு பற்றவைக்கும் இடத்துக்குக் கீழே முப்பத்திரண்டாயிரம் ஜூல் உறங்குகிறது. நாற்பது கலங்கள் கொண்ட மின்மிதிவண்டித் தொகுதியில் அது பன்னிரண்டு இலட்சத்தைத் தாண்டும்.

கலத்தின் நேர்முனை தலையில் சிறு தொப்பிபோல் இருக்கும். ஆனால், அந்தத் தொப்பியைச் சுற்றியுள்ள விளிம்பு எதிர்முனை என்பது பலருக்குத் தெரியாது. கலத்தின் உறை முழுவதுமே எதிர்முனைதான். இரண்டுக்கும் இடையே இருப்பது மெல்லிய நெகிழி வளையம் மட்டுமே. பட்டை சற்றே வளைந்து விளிம்பைத் தொட்டாலும், நாளடைவில் அதிர்வினால் உறையின் பூச்சு தேய்ந்தாலும் குறுக்கு மின்சுற்றுதான். எனவே, கலத்தின் தலையில் கூடுதலாக ஒரு காப்பு வளையத்தை ஒட்டிய பிறகே பட்டையை வைக்க வேண்டும். தொகுதி முடிந்ததும், ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் கண்காணித்து, 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறாமலும் மிகவும் தாழாமலும் காக்கும் மேலாண்மைப் பலகை ஒன்று கட்டாயம் வேண்டும். பழைய மடிக்கணினியிலிருந்து பிய்த்தெடுத்த கலங்களைக் கலந்து கட்டுவதுதான் மிகவும் ஆபத்தானது. ஒன்றின் வயது ஒன்றுக்குத் தெரியாது. பழைய பட்டையைப் பிய்த்தபோது உறையில் மெல்லிய ஓட்டை விழுந்திருந்தாலும் வெளியே தெரியாது.

இவை வெறும் அச்சுறுத்தல்கள் என்று எண்ணிவிட வேண்டா. 2019 ஆம் ஆண்டு ஜூலை மாதம் சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில், மின்ஸ்கூட்டர்கள் வைக்கப்பட்டிருந்த அடுக்குமாடி வீடு ஒன்றில் தீப்பற்றி ஒருவர் உயிரிழந்தார். 2020 ஜூலை முதல், ‘யூஎல் 2272’ என்னும் தீப்பாதுகாப்புத் தரத்துக்கு உட்படாத மின்ஸ்கூட்டர்களைச் சிங்கப்பூரில் பொதுப் பாதைகளில் ஓட்ட முடியாது. நியூயார்க் மாநகரம் 2023 ஆம் ஆண்டில் இன்னும் நேரடியாகவே சட்டம் இயற்றியது: பயன்படுத்திய தொகுதிகளிலிருந்து கழற்றிய லித்தியம் கலங்களைக் கொண்டு புதுத் தொகுதி கட்டுவதும் விற்பதும் அங்கே குற்றம். உணவு கொண்டுசேர்க்கும் தொழிலாளர்கள் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய தொகுதிகள் நெரிசலான குடியிருப்புகளில் எரிந்ததைக் கண்டபின் எடுத்த முடிவு அது.

பழையதைத் தூக்கி எறியாமல் பழுதுபார்க்க வேண்டும் என்ற எண்ணம் நல்லதே. அதை நான் குறைகூற மாட்டேன். ஆனால், தான் கட்டிய தொகுதி தன் வீட்டில் மட்டும் இருப்பதில்லை. அடுக்குமாடியில் அதன் மேலேயும் கீழேயும் யாரோ உறங்குகிறார்கள்.

தகர டப்பாவில் ஒரு பயிற்சி

பள்ளியின் அறிவியல் கழகத்தில் இதைக் கற்க விரும்பினால் மின்கலமே தேவையில்லை. காலியான பால்மாவு டின் ஒன்றையும் நிக்கல் பட்டையையும் எடுத்துக்கொள்ளலாம். டின்னின் தகடும் மெல்லிய எஃகுதான். ஆற்றல் எதுவும் உள்ளே உறங்கவில்லை என்பதே வேறுபாடு. அதிதிறன் மின்தேக்கியால் இயங்கும் ஆயத்தக் கருவியை ஆசிரியர் முன்னிலையில் பயன்படுத்த வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, கைக்கடிகாரம், மோதிரம், காப்பு ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். கருவியை ஐந்து மில்லிவினாடியில் வைத்து ஒரு புள்ளி, எட்டில் ஒன்று, பத்தில் ஒன்று, பதினைந்தில் ஒன்று என இட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் நேரத்தை எழுதிக்கொள்ளலாம்.

பிறகு, பட்டையின் நுனியைக் குறட்டால் பிடித்து மேல்நோக்கி உரித்துப் பார்க்க வேண்டும். நேரம் போதாத புள்ளி ‘டப்’பென்று கழன்று வரும், தகட்டில் மங்கலான வட்டம் மட்டும் இருக்கும். நேரம் மிகுந்த இடத்தில் தகடு கறுத்து, பின்புறமும் நிறம் மாறியிருக்கும். அங்கே ஒரு மின்கலம் இருந்திருந்தால் அதன் உட்புறமும் சூட்டை உணர்ந்திருக்கும் என்று பொருள். சரியான புள்ளியில் பட்டை பிடிவாதமாக நிற்கும். மேலும் இழுத்தால் நிக்கலே கிழியும். கிழிந்த பட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் கடுகளவில் இரண்டு ஓட்டைகள் தெரியும். அந்த ஓட்டைகளிலிருந்து போன நிக்கல், டின்னின் மேல் இரண்டு சிறு மொட்டுகளாக ஒட்டிக்கொண்டிருக்கும்.